ஆர்லீனுக்குப் பத்து நாள் லீவு

“வண்டிக்குள்ளதான போனேன், ஆபீசுக்குள்ள போகலையே.”

“வண்டி எங்க நிக்குது ஆர்லீன்?”

“ஸ்டேஷன்ல.”

“அப்ப ஸ்டேஷனுக்குள்ள போயிருக்க.”

“நெருப்புன்னு கூப்புட்டாங்க டெல்மர். நான் என்ன, வாசல்ல நின்னு விசிலடிச்சு வண்டியைத் தானா வெளிய வரச் சொல்லணுமா?”

டெல்மர் ஹாஸ்கின்ஸ் கையில் இருந்த இன்சூரன்ஸ் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மொத்தம் பத்துக் கட்டங்கள். நேற்று முதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்று இரண்டாவதில் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் இன்னும் எட்டு பாக்கி. இப்போது மறுபடியும் பத்து.

போன இடத்தில் நெருப்பே இல்லை என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். மார்ச் மாதம் மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிற காலம். கொட்டகைக் கூரை வழியாக வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பும். ஊர்க்காரர் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் போகிற வெளியூர்க்காரர் எவராவது வருஷம் தவறாமல் காரை ஓரங்கட்டி, ஐயோ பாவம் யாருடைய கொட்டகையோ பற்றி எரிகிறது என்று அவசர எண்ணுக்குப் போன் போடுவார். ஆர்லீனும் பம்ப் வண்டியை அலறவிட்டுக்கொண்டு போய், அணைக்க ஒன்றுமில்லாததால் ஒரு கோப்பை சுடச்சுடப் பாகு குடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். உதட்டோரத்தில் இன்னும் மினுங்கியது.

விவகாரம் இதுதான். பட்டர்நட் ஃபோர்க் தீயணைப்பு வட்டத்துக்கு ஆர்லீன் ப்ரூயெட் இருபத்திரண்டு வருஷமாகப் பொருளாளர். பம்ப் வண்டி ஓட்டுவதும் அவர்தான். ஆண்பிள்ளைகள் எல்லாம் பகலில் நாற்பது மைல் தள்ளி வேலைக்குப் போய்விடுவதால், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஊரில் எது பற்றி எரிந்தாலும் முதலில் ஓடிவருகிற ஆள் அவர்தான். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

இதை டெல்மர் பெருமையாக எழுதினார். அங்கேதான் வினை.

டெல்மர் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். தீயணைப்பு வட்டத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவரும்கூட. எப்படித் தலைவரானார் என்றால், தேர்தல் நடந்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அந்த ஊரில் கூட்டத்துக்கு வராதவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இன்சூரன்ஸ் பாலிசியைப் புதுப்பிக்கிற விண்ணப்பத்தில் ‘உங்கள் அமைப்பின் பலம் என்ன’ என்று ஒரு கேள்வி இருந்தது. ‘எங்கள் பொருளாளர் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. கணக்கு முழுவதும் அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது’ என்று எழுதி அனுப்பினார்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. பட்டர்நட் ஃபோர்க்கின் அபாயங்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். மூன்றாவது அபாயம், ஸ்டேஷன் கூரை எந்த நேரமும் சரியலாம். இரண்டாவது, பழைய வண்டியின் பிரேக். முதலாவது, ஆர்லீன்.

ஒரே ஆள் தினமும் கணக்குப் பக்கத்திலேயே இருந்தால் ஒரு பொத்தலை இன்னொரு பொத்தலால் மூடிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாமாம். பத்து நாள் விலகி இருந்தால், மூட ஆளில்லாமல் பொத்தல் தானாக வெளியே வந்துவிடுமாம். ஆகவே ஆர்லீன் தொடர்ந்தாற்போல் பத்து வேலை நாட்கள் ஸ்டேஷனுக்குள் நுழையக் கூடாது, கணக்கைத் தொடக் கூடாது, கணக்கைப் பற்றியோ ஸ்டேஷனைப் பற்றியோ அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் கூடாது. தலைவர் தினமும் கையெழுத்திட்டு உறுதி சொல்ல வேண்டும். இடையில் ஒரு நாள் பிசகினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் முடியாவிட்டால் பாலிசி கிடையாது.

பாலிசி இல்லாத வண்டி ரோட்டில் இறங்க முடியாது. அடுத்த ஊரான ஹார்லோ மில்ஸிலிருந்து வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். வைக்கோல் அடைத்த ஒரு கொட்டகை எரிந்து தரையோடு தரையாகப் பதினைந்து நிமிஷம் போதும். வீட்டுக்கு வீடு விறகடுப்பு உள்ள ஊர். டெல்மரின் கடைக் கிடங்கிலேயே அறுநூறு கட்டு வைக்கோல் கிடக்கிறது. கடிதத்தைப் படித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவர் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

ஆர்லீனிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“என்னைத் திருடின்னு சொல்றியா?”

“நான் சொல்லல. திருடியா இருந்தா தெரிஞ்சுரும்னு அவங்க சொல்றாங்க.”

“இல்லன்னா?”

“இல்லன்னாலும் தெரிஞ்சுரும்.”

“அதுக்கு எதுக்குப் பத்து நாள்? நானே இப்பச் சொல்லிர்றேனே, இல்லன்னு.”

எப்படியோ காலில் விழாத குறையாகச் சம்மதிக்க வைத்தார். அப்படிச் சம்மதிக்க வைத்து அனுப்பிய லீவில்தான் இரண்டாம் நாளே பாகுக் கொட்டகை குறுக்கே வந்துவிட்டது.

டெல்மர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார். மிஸ் கோவல்ஸ்கி என்று ஒரு பெண். தேன் சொட்டுகிற குரல். நெருப்பே இல்லை, வெறும் ஆவிதான், ஆர்லீன் ஆபீஸ் அறைப் பக்கமே போகவில்லை என்று டெல்மர் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ரொம்ப அழகா சொன்னீங்க சார். ஆனா உள்ள போனா போனதுதான். ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சுருங்க.”

சரி, அவசர அழைப்பு வரும் பேஜர் கையில் இருப்பதால்தானே ஓடிவருகிறார் என்று டெல்மர் முதலில் ஆர்லீனின் பேஜரைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். புதன் கழிந்தது. வியாழன் கழிந்தது. வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுப் புகைபோக்கி பற்றிக்கொண்டது. பேஜர் டெல்மரின் இடுப்பில் துள்ளித் துள்ளிக் கத்தியது. ஆனால் ஸ்டேஷன் கூரைமேல் ஒரு சங்கு இருக்கிறது. அந்தச் சங்கு ஊதினால் மூன்று மைலுக்கு மாடு கன்று எல்லாம் தலை தூக்கும். அதை அவர் மறந்தே போனார். டெல்மர் போய்ச் சேருவதற்குள் ஆர்லீன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முடியைச் சுருட்ட மாட்டிய உருளைகள் தலையில் அப்படியே, அதன்மேல் தலைக்கவசம்.

மறுபடியும் ஒன்றிலிருந்து.

அடுத்து, சாவி. சாவி இல்லாவிட்டால் எப்படி உள்ளே போவார்? ஸ்டேஷன் பக்கவாசலுக்கு ஒரே ஒரு சாவிதான். இன்னொன்று எந்தக் காலத்திலோ ஏரியில் விழுந்துவிட்டது. ஆர்லீனிடமிருந்து அதை வாங்கித் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார். அன்றிலிருந்து யாருக்கு ஸ்டேஷனைத் திறக்க வேண்டுமென்றாலும் டெல்மரின் தீவனக் கடைக்கு வரவேண்டியதாயிற்று. சங்கு ஊதினால் எடைக்கல்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். அறுபத்து மூன்று வயசில் வாரத்துக்கு இரண்டு தடவை ஓடினார்.

ஆர்லீன் நாற்காலியில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வில்மா ஸ்டட்ஸ் ஒத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷக் கணக்கையும் பொத்தல் தேடிப் புரட்டுவேன், ஆனால் சரியாக மூன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவேன், வீட்டுக்கு எதையும் எடுத்துப் போக மாட்டேன், எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பஸ்ஸில் பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகிற பொருளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பட்ட பாடு போதுமாம். ஆகவே செக் புத்தகம் தினமும் சாயங்காலம் டெல்மரின் கோட்டுப் பைக்குள் போயிற்று.

செக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று தலைவர், இன்னொன்று பொருளாளர். பொருளாளர் லீவில். டெல்மர் நிர்வாகக் குழுவை அவசரமாகக் கூட்டினார். குழுவில் மற்ற நாலு பேரும் பால்மாடு வைத்திருப்பவர்கள். ஐந்து மணிக்குக் கறவை. நாலே முக்காலுக்குக் கூட்டம். ஆர்லீன் திரும்பும்வரை தலைவரே இரண்டு கோட்டிலும் போட்டுக்கொள்ளட்டும் என்று நாற்காலியில் முழுசாக உட்காராமலே கைதூக்கிவிட்டுப் போனார்கள்.

இதில் ஐந்து நாள் நல்லபடியாக ஓடியது. டெல்மர் பாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்து மகிழ்ந்தார். ஆறாம் நாள் தீயணைப்புத் தலைமை அதிகாரி கர்ட் பெட்ரோல் பங்க்கிலிருந்து போன் செய்தார். டீசல் கார்டு நாலு இலக்க ரகசிய எண் கேட்கிறதாம்.

“வில்மாவைக் கேளு.”

“கேட்டேன். ஆர்லீன் தலைக்குள்ள இருக்குங்கறாங்க.”

டெல்மர் யோசித்தார். ஆர்லீனைக் கேட்கக் கூடாது. ஆனால் ஆர்லீனின் கணவர் ராயைக் கேட்கக் கூடாது என்று பாரத்தில் எங்கும் இல்லை. ராய்க்குப் போன் போட்டார். எதற்கென்று சொல்லாமல், உன் மனசுக்குத் தோன்றுகிற நாலு எண்ணைச் சொல்லு பார்ப்போம் என்றார். ராய் நல்ல மனுஷன். போனைக் கையால் பொத்தாமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஆர்லீன், டெல்மர் ஏதோ நாலு நம்பர் கேக்கறான்.”

“டீசல் கார்டா? ஏழு, ஒண்ணு...”

டெல்மர் போனைப் பட்டென்று வைத்தார். வைத்துவிட்டு நெற்றியைத் தீவன மூட்டையில் முட்டிக்கொண்டார். மிஸ் கோவல்ஸ்கியிடம் மறைத்திருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பொய் சொன்னால் என்ன தண்டனை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தவிர, டெல்மருக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். எட்டு வயசிலிருந்தே அப்படி.

“கணவர் வழியா கேட்டாலும் கேட்டதுதான் சார்,” என்றது தேன். “ஒண்ணுலேர்ந்து.”

டெல்மர் கார்டு எண்ணையே மாற்றிவிட்டார். புது எண்ணை வில்மா தெரிந்துகொள்ள மறுத்தார். தன் வீட்டுப் போன் நம்பரே தனக்கு நினைவில் நிற்பதில்லையாம். கர்ட்டிடம் சொல்லலாமென்றால் அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். ஆகவே வண்டிக்கு டீசல் போடப் போகும்போதெல்லாம் டெல்மரும் ஏறிக்கொண்டு போய், உடம்பால் மறைத்து நின்று எண்ணைத் தட்டிவிட்டு வந்தார்.

“டீசல் போட உங்களைக் கூட்டிட்டுப் போறது, புள்ளையப் பல் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு,” என்றார் கர்ட். “மூஞ்சியும் அப்படித்தான் இருக்கு.”

நாலு நாள். அந்த வெள்ளிக்கிழமை ஆர்லீன் தபால் ஆபீசில் தன் சொந்தக் கடிதம் எடுக்கப் போயிருக்கிறார். தீயணைப்பு வட்டத்தின் பெட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்திருக்கிறது. ரப்பர் பேண்டு போட்டு அழகாகக் கட்டித் தீவனக் கடைக் கவுண்டரில் கொண்டுவந்து வைத்தார்.

டெல்மர் அந்தக் கட்டைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“பிரிச்சியா?”

“பிரிக்கல. அடுக்குனேன்.”

“எதை வச்சு அடுக்குன?”

“கட்டவேண்டிய தேதியை வச்சு.”

“பிரிக்காம தேதி எப்படித் தெரியும்?”

“இருபத்திரண்டு வருஷமா அதே தேதிதான் டெல்மர்.”

ஒன்றிலிருந்து. தபால் பெட்டிச் சாவியும் டெல்மரின் வளையத்துக்கு வந்தது. அதற்கடுத்த வாரம் மூன்றாம் நாள், வில்மா முழங்கையால் எதையோ தட்டி ஸ்டேஷனின் திருட்டு எச்சரிக்கை மணி அலறத் தொடங்க, மணிக் கம்பெனிக்காரன் பழைய பழக்கத்தில் ஆர்லீனுக்குப் போன் போட, ஆர்லீன் பகல் தூக்கக் கலக்கத்தில் சங்கேத எண்ணைச் சொல்லித் தொலைத்தார். மறுபடியும் ஒன்று. அந்த எண்ணும் மாறியது. புதிய எண் யாருக்குத் தெரியும் என்று கேட்க வேண்டியதில்லை.

இப்போது டெல்மர் நடந்தால் ஜல் ஜல் என்று சத்தம் கேட்டது. கடைக்கு வருகிறவர்கள் மாட்டுக்குத்தான் மணி கட்டுவார்கள், உனக்கு எப்போது கட்டினார்கள் என்று கேட்டார்கள். தூக்கத்தில் நாலு இலக்கமாக முனகுகிறார் என்று அவர் மனைவி டாக்டரிடம் போகச் சொன்னார்.

காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். ஏப்ரல் பத்தொன்பது திங்கட்கிழமை தொடங்கினால் முப்பது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பத்தாம் நாள் முடியும். இதுதான் கடைசி வண்டி. தவறவிட்டால் மே ஒன்றாம் தேதியிலிருந்து சங்கு ஊதலாம், கேட்கலாம், நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஊரில் இருக்கும்வரை இந்தப் பெண்மணி சும்மா இருக்கப் போவதில்லை. ஹார்லோ மில்ஸில் ஆர்லீனின் தங்கை இருக்கிறார். இரண்டு வாரம் அங்கே போய் இரு என்று டெல்மர் கெஞ்சினார். ஆர்லீன் பைபிள்மேல் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்தார், பட்டர்நட் ஃபோர்க் ஸ்டேஷன் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று. டெல்மரே தன் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஆர்லீனின் கார் ஊரிலேயே இருந்தது. டெல்மர் திரும்பி வரும் வழியில் சீட்டியடித்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு வாரம் முழுசாகத் தாண்டியது. ஆறு. ஏழு. எந்தப் போனும் இல்லை, எந்தக் கட்டும் இல்லை. டெல்மருக்குப் பசிகூட எடுத்தது.

எட்டாம் நாள் புதன்கிழமை. மழை பெய்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வறண்ட காற்று. மதியம் ஒரு மணிக்கு, டெல்மரின் கடைக்குப் பின்னால் உள்ள காய்ந்த புல்வெளி பற்றிக்கொண்டது.

அவரே சங்கை ஊதச் சொன்னார், அவரே ஓடிக் கதவைத் திறந்தார், அவரே திருட்டு மணிக்கு எண்ணைத் தட்டினார். மொத்தம் மூன்று பேர் வந்தார்கள். வண்டி ஓட்ட ஆளில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த வில்மா அப்போதுதான் திரும்பி வந்தார். பஸ்ஸைவிடச் சின்னதுதானே என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். வழியிலுள்ள ஒவ்வொரு ரயில்வே கிராஸிங்கிலும் நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போனார். பள்ளிக்கூட பஸ் பழக்கதோஷம்.

தீ கிடங்கை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அறுநூறு கட்டு வைக்கோல். டெல்மர் கையில் ஒரு மண்வெட்டியோடு புகைக்குள் நின்று, அக்கம்பக்க உதவிக்கு ஹார்லோ மில்ஸ் வண்டியைக் கூப்பிடுங்கள் என்று கத்தினார். இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

பதினெட்டு நிமிஷத்தில் வந்தது.

வளைவில் அந்த வண்டி திரும்பிய தினுசைப் பார்த்ததுமே டெல்மர் மண்வெட்டியைக் கீழே போட்டார். அந்த வளைவை அப்படித் திருப்புகிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். ஹார்லோ மில்ஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதிய வண்டியின் ஜன்னலில் கையை வெளியே போட்டுக்கொண்டு ஆர்லீன் உட்கார்ந்திருந்தார். அந்த ஊரிலும் பகலில் ஆளில்லையாம்.

“என்னைப் பாக்காத,” என்றார் குழாயை இழுத்துக்கொண்டே. “நான் ஹார்லோ மில்ஸ் ஆளு. உன்னை எனக்குத் தெரியாது.”

கிடங்குக்கு நாற்பது அடி முன்னால் தீ நின்றது. டெல்மர் கரிபிடித்த முகத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆர்லீனைக் கட்டிக்கொள்வதா, கண்ணை மூடிக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆபத்து அத்துடன் தீரவில்லை. உதவிக்கு வந்த பக்கத்து ஊர் ஆட்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடாமல் அனுப்புவது அந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத பாவம். எல்லோரும் ஸ்டேஷனை நோக்கிக் கிளம்பினார்கள். டெல்மர் குறுக்கு வழியில் முன்னால் ஓடினார். வாசலில் ரோட்டோரமாக மஞ்சள் தடுப்பு நாடாவை இந்த மரத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் கட்டினார். ஹார்லோ மில்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக நாடாவைத் தூக்கிவிட்டு உள்ளே போனார்கள். ஆர்லீன் முன்னால் மட்டும் டெல்மர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“பசிக்குது டெல்மர்.”

டெல்மரே உள்ளே போய் ஹாம் இறைச்சி வைத்த ரொட்டி இரண்டும் உருளைக்கிழங்கு சாலடும் எடுத்துவந்து, நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டிக் கொடுத்தார். ஆர்லீன் ரோட்டில் நின்று சாப்பிட்டார். ஒரு கடி கடித்தவர் நிறுத்தினார்.

“இந்த ஹாம் எங்க வாங்குன? அந்தக் கடையில போன வருஷமே பில்லுல...”

டெல்மர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, இன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, நாளைக்கும் மேற்கிலிருந்து அடிக்கும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆர்லீன் சாப்பிட்டு முடித்து, வண்டியேறி, வளைவில் மறையும்வரை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் டெல்மர் மிஸ் கோவல்ஸ்கிக்குப் போன் போட்டார். ஆர்லீன் ஊருக்குள் வந்தார், ஸ்டேஷனுக்குள் வரவில்லை, கணக்கைப் பேச வந்தார், என் காதில் விழவில்லை என்றார். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

“ஊர் எல்லையைப் பத்திப் பாரத்துல ஒண்ணும் இல்ல சார். எட்டாம் நாள்னே வச்சுக்கலாம்.”

டெல்மர் போனுக்கு முத்தம் கொடுத்தார். வைத்த பிறகுதான் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, ஏப்ரல் முப்பது. மாலை நாலே முக்காலுக்கு மிஸ் கோவல்ஸ்கி நேரிலேயே வந்தார். குரலைவிட வயசு குறைவு. வெளியே ரோட்டில், மஞ்சள் நாடாவுக்கு அந்தப் பக்கம், ஆர்லீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அன்று மட்டும் மூன்றரைக்குக் கிளம்பாமல் காத்திருந்த வில்மா தன் அறிக்கையை நீட்டினார். கணக்கு முழுவதையும் புரட்டியாயிற்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடிதத்தில் ஒரு தபால்தலை அதிகமாக ஒட்டப்பட்டிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

மிஸ் கோவல்ஸ்கி பாரத்தின் பத்துக் கட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஐந்து மணி அடித்ததும் முத்திரை குத்தினார். வெளியே ஆர்லீன் நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, நேராகக் காபிப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார். டெல்மருக்கு நாற்பது நாளாகத் தோளில் உட்கார்ந்திருந்த யானை இறங்கினாற்போல இருந்தது.

“சும்மா ஒரு பார்வைக்கு,” என்றார் மிஸ் கோவல்ஸ்கி. “செக் புத்தகம் பாக்கலாமா?”

டெல்மர் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்து வைத்தார். மிஸ் கோவல்ஸ்கி அதைத் திறந்து ஒவ்வொரு அடிச்சீட்டாகப் புரட்டினார். இரண்டு கோட்டிலும் ஒரே கையெழுத்து. நிதானமாகப் புரட்டினார்.

“டீசல் கார்டு?”

பர்ஸிலிருந்து வந்தது.

“இதோட நம்பர் யாருக்குத் தெரியும்?”

டெல்மர் தன் நெற்றிப்பொட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

“தபால் பெட்டிச் சாவி? இந்தக் கட்டடத்துச் சாவி?”

டெல்மர் இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி மேஜைமேல் போட்டார். ஜல்லென்று விழுந்தது. இந்த ஒரு மாசம் தான் பட்ட பாட்டை இந்தப் பெண்ணாவது புரிந்துகொள்ளட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“எல்லாம் எங்கிட்டதான் மேடம். என்னைக் கேக்காம இங்க ஒரு துரும்பு அசையாது.”

மிஸ் கோவல்ஸ்கி அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு ஆர்லீனின் பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பாலிசியை மே பதினாலாம் தேதிவரை நீட்டித்துத் தருவதாகச் சொன்னார்.

“பதினாலா?” டெல்மர் குழம்பினார். “வருஷம் பூராவும் இல்லையா? எதுக்கு ரெண்டே ரெண்டு வாரம்?”

மிஸ் கோவல்ஸ்கி பையிலிருந்து பத்துக் கட்டம் போட்ட புதுப் பாரம் ஒன்றை எடுத்து, அதே தேன் குரலில், உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து உங்களுக்குப் பத்து நாள் லீவு சார். எங்க போகலாம்னு நெனைக்கிறீங்க?”